கோவலன் கொலையில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு?

மதுரைப் பக்கத்துப் பட்டிமன்றங்களில் சலிக்காமல் வரும் தலைப்பு ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலன் சாவுக்குக் காரணம் ஊழா, மாதவியா, பொற்கொல்லனா, பாண்டியனா? இரண்டு மணி நேரம் அனல் பறக்கும். கடைசியில் நடுவர் எழுந்து, எல்லாருக்கும் பங்கு உண்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஊழ் இருக்கிறது என்று முடித்து வைப்பார். கூட்டம் கைதட்டிக் கலையும். அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடிவதில்லை. பழியை எல்லார் தலையிலும் சமமாகத் தெளித்துவிட்டால், ஒருவர் தலையிலும் அது நிற்காது. இளங்கோவடிகள் அப்படிச் செய்யவில்லை. யார் எந்த இடத்தில், என்ன சொல்லி, எதைச் சரிபார்க்காமல் விட்டார்கள் என்பதை அடிக்கு அடி எழுதி வைத்திருக்கிறார்.

பேச்சாளர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். கோவலன் மாதவியைப் பிரியும் கானல்வரியை மனப்பாடம் செய்கிறார்கள், கண்ணகி நீதி கேட்கும் வழக்குரை காதையை மனப்பாடம் செய்கிறார்கள், நடுவில் இருக்கும் கொலைக்களக் காதையை ஓரிரு அடிகளோடு தாண்டிவிடுகிறார்கள். காப்பியத்தின் 30 காதைகளில், அதாவது பகுதிகளில், அது 16ஆவது. கொலை நடப்பது அங்கேதான். இன்னும் சிலர் சினிமாவில் கேட்ட வசனத்தையே காப்பிய அடி என்று நினைத்துப் பேசுகிறார்கள். மேடையில் எடுபடலாம், வாதத்துக்கு உதவாது.

அன்று நடந்ததை முதலில் வரிசைப்படுத்திப் பார்ப்போம். ஆயர்பாடியில் மாதரி என்ற இடைக்குலப் பெண் ஒதுக்கித் தந்த வீட்டில் கண்ணகி தன் கையால் சமைத்துப் பரிமாறுகிறாள். உண்டு முடித்தவனுக்கு வெற்றிலையும் பாக்கும் தருகிறாள். அவன் மனம் உடைந்து சில வார்த்தைகள் பேசுகிறான், அவள் பதில் சொல்கிறாள். ஒரே ஒரு சிலம்பை எடுத்துக்கொண்டு, விற்று வருகிறேன் என்று கிளம்புகிறான். கடைவீதியில் சட்டை போட்டுக் கையில் கோலோடு, நூறு கொல்லர்கள் பின்னால் வர, அரண்மனைப் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். அரசன் தேவி காலில் அணியத் தகுந்த நகை ஒன்றை உன்னால் விலை மதிக்க முடியுமா என்று கோவலன் கேட்கிறான். கொல்லன் பணிவாகத்தான் பேசுகிறான். சிலம்பைப் பார்த்ததும், இது கோப்பெருந்தேவிக்குத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாது, அரசரிடம் சொல்லிவிட்டு வருகிறேன், என் குடிலுக்குப் பக்கத்தில் இருங்கள் என்கிறான். கோவலன் அருகில் இருந்த கோயில் மதிலுக்குள் போய் உட்காருகிறான். கொல்லன் அரண்மனைக்குப் போகிறான். ஆணை பிறக்கிறது, காவலர் வருகிறார்கள், வாள் பாய்கிறது.

இதில் கொல்லனுக்கு என்ன லாபம் என்பதில் சிக்கலே இல்லை. அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடியவன் அவன். அது வெளியே வருவதற்குள், ஊருக்குப் புதிதாக வந்தவன் ஒருவன் மேல் போட்டுவிடலாம் என்று நினைக்கிறான். குற்றவாளி அவன்தான், சந்தேகம் வேண்டாம். ஆனால் ஒருவன் சொன்ன பொய் உயிரை எடுக்க வேண்டுமானால், அதை நம்பி ஆணையிட ஒருவர் வேண்டும், ஆணையை நிறைவேற்ற ஒருவர் வேண்டும். பொய் நின்றுபோகக்கூடிய இடங்கள் எத்தனை இருந்தன என்று பார்த்தால்தான் பொறுப்பு யாருடையது என்று தெரியும்.

சிலம்பையே கொஞ்சம் கையில் எடுத்துப் பார்ப்போம். பசும்பொன்னால் செய்தது. வெளியே மாணிக்கமும் வயிரமும் வரிசை வரிசையாகப் பதித்தது. உள்ளே குடைவாக, வெற்றிடமாக இருக்கும். அந்தக் கூட்டுக்குள் பரல்கள் எனும் சிறு கற்கள் கிடந்து நடக்கும்போது ஒலிக்கும். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். வெளித்தோற்றத்தில் ஏமாறலாம், உள்ளே இருப்பதில் ஏமாற முடியாது.

மதுரையில் நகைக்கடைகள் நிறைந்த தெற்காவணி மூல வீதியில் ஒற்றைக் கொலுசோடு போய் நின்று பாருங்கள். தராசில் வைப்பதற்கு முன்னால் வரும் கேள்வி, ஜோடி எங்கே என்பதுதான். ஜோடி வந்தால் இரண்டையும் எடை போடுவார்கள், கல் பதித்த விதத்தையும் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த இடத்தையும் ஒப்பிடுவார்கள். ஒரே பட்டறையில், ஒரே கையால் செய்த ஜோடி தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். கோவலனிடம் யாராவது அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், இன்னொன்று ஆயர்பாடியில் என் மனைவியிடம் இருக்கிறது என்று சொல்லியிருப்பான். ஆள் அனுப்பி எடுத்து வரச் சொல்லியிருந்தால் அதே நாளில் உண்மை வெளியே வந்திருக்கும். பிற்பாடு கண்ணகி அரண்மனை வாசலில் ஏந்தி நின்றது அந்த இன்னொரு சிலம்பைத்தான்.

இரண்டாவது சோதனை இன்னும் எளிது. சிலம்புக்கு உரியவள் அரசி. கொல்லன் வந்தபோது பாண்டியன் எங்கே போய்க்கொண்டிருந்தான்? அவளிடம்தான். ஆடல் மகளிரின் கூத்திலும் பாட்டிலும் அரசன் மனம் போய்விட்டது என்று ஊடல்கொண்டு, தலைவலி என்று சாக்குச் சொல்லி அவள் எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானம் செய்ய விரைகிறான் அரசன். வாயிலருகில் குறுக்கே வந்து விழுந்து வணங்குகிறான் கொல்லன். சிலம்பைக் கொண்டுவந்து இவளிடம் காட்டுங்கள் என்று சொல்ல அரசனுக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது, பரலைப் பார்ப்பது. இதுதான் நெஞ்சைப் பிசையும் இடம். வழக்குரை காதையில் கண்ணகி, என் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்கிறாள். உடனே பாண்டியன், எம் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான். யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை, ஏட்டைப் புரட்டவில்லை. அவனுக்கே தெரிந்திருக்கிறது. கோவலனைக் காப்பாற்றக்கூடிய தகவல் காலையிலிருந்து அரசனின் தலைக்குள்ளேயே இருந்தது. அவள் சிலம்பை உடைத்ததும் மணி தெறித்து அவன் முகத்தில் படுகிறது. சோதனை முடிய ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடியைக் கொலைக்கு முன்னால் செலவழித்திருக்கலாம்.

அரசனின் ஆணையை வழக்கறிஞர் கண்ணோடு பாருங்கள். சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருக்குமானால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவாருங்கள் என்பது அதன் சாரம். நிபந்தனை போட்டிருக்கிறானே என்று அவனுக்காக வாதாடுபவர்கள் உண்டு. ஆனால் அது நிபந்தனையே ஆகாது. கோவலன் விற்பதற்காக அதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான், அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன்தான் புகார் கொடுக்கிறான். கையில் ஒரு சிலம்பு இருக்கும் என்பது முன்பே உறுதி. எந்தச் சிலம்பு என்பதல்லவா கேள்வி! அதைத் தீர்மானிக்க அனுப்பப்பட்டவனும் கொல்லன்தான். புகார் கொடுத்தவன், சாட்சி, நகையை மதிப்பிடும் நிபுணன், மூன்றும் ஒரே ஆள். எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று அரசன் கண்ணகியிடம் சொல்வதை வைத்தும் சிலர் பேசுவார்கள். அந்தக் காலத்துச் சட்டம் அப்படி, அதற்கு அவன் என்ன செய்வான் என்று. சட்டம் கள்வனைப் பற்றியது. கோவலன் கள்வன் என்று யார் விசாரித்து முடிவு செய்தார்கள்? கண்ணகி அவனை ஆராயாத மன்னன் என்று விளித்ததன் காரணம் இதுதான். தண்டனை கடுமையானது என்று அவள் ஓரிடத்திலும் குறை சொல்லவில்லை.

விசாரிக்கும் பழக்கமே பாண்டியர்களுக்கு இல்லையா என்றால், இருந்தது. மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி கண்ணகிக்குச் சொல்லும் வார்த்திகன் கதை பட்டிமன்றங்களில் அநேகமாக யாரும் தொடாதது. சிவகாசிக்குப் பக்கத்துத் திருத்தங்கல்தான் அதில் வரும் தங்கால் என்பார்கள். வார்த்திகன் என்ற அந்தணரின் சிறுவன் தட்சிணாமூர்த்திக்கு, வேதம் பிழையில்லாமல் ஓதியதற்காகப் பராசரன் என்பவன் அணிகலன்கள் கொடுத்துப் போகிறான். திடீரென்று நகை மின்னுவதைப் பார்த்த அதிகாரிகள், புதையலை எடுத்து மறைத்தவன் என்று வார்த்திகனைச் சிறையில் அடைக்கிறார்கள். மனைவி கதறுகிறாள். ஐயை என்ற தெய்வத்தின் கோயில் கதவு திறக்க மறுக்கிறது. என்ன தவறு நடந்தது என்று அரசன் கேட்கிறான், தெரிந்துகொள்கிறான், வார்த்திகனை விடுவித்து, மன்னிப்புக் கேட்டு, தங்காலையும் வயலூரையும் அவனுக்கு வழங்குகிறான்.

இரண்டு வழக்குகளும் அச்சு அசலாக ஒன்றுதான்: வசதியில்லாதவன் கையில் விலையுயர்ந்த நகை, அதனால் சந்தேகம். ஒன்றில் சிறை, இன்னொன்றில் வாள். சிறையில் இருந்தவனுக்குக் கதவைத் திறந்துவிட முடிந்தது. கோவலன் விஷயத்தில் அரசன் இழந்தது அந்தத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பைத்தான். தன் குலத்தின் நல்ல பெயரைக் காக்க மதுராபதி சொன்ன கதை, எனக்கு அரசன் மேல் வலுவான சாட்சியாகப் படுகிறது.

காவலர்களை ஏறக்குறைய எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அந்தக் காட்சியை இளங்கோவடிகள் அவசரப்படாமல் எழுதியிருக்கிறார். கோவலனைப் பார்த்ததும் அவர்களில் சிலர், இவன் முகத்தைப் பார்த்தால் கொல்லத் தகுந்தவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். ஊரிலேயே முதல்முறையாக ஒரு நியாயமான வார்த்தை அங்கேதான் வருகிறது. கொல்லன் சிரிக்கிறான். களவு நூல் தெரிந்தவன் போலத் திருடர்களின் துணைகள் எட்டு என்று பாடம் எடுக்கிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. ஒவ்வொன்றையும் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று விளக்குகிறான். பகலில் தூதனாகவும் இரவில் பெண்ணாகவும் வேடம் போட்டு இளவரசன் மார்பிலிருந்த ஆரத்தையே கவர்ந்த கள்வன் ஒருவன் கதையையும் சேர்த்துக்கொள்கிறான்.

இந்தப் பேச்சின் தந்திரத்தைக் கவனியுங்கள். முகம் கள்ளமாக இருந்தால் கள்வன், முகம் நல்லதாக இருந்தால் மந்திரம் தெரிந்த கள்வன். எந்தப் பதில் சொன்னாலும் தப்ப முடியாத வாதம் அது. கோவலன் மேல் ஆதாரம் எதுவும் அவன் காட்டவில்லை. திருடர்கள் பொதுவாக எவ்வளவு ஆபத்தானவர்கள் என்று மட்டும்தான் பேசினான். சந்தேகப்பட்டவர்கள் அதிலேயே வாயடைத்துப் போனார்கள். ஓர் இளைஞன், மழைக்கால இருட்டில் ஒரு திருடன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த பழைய அனுபவத்தைச் சொல்கிறான். இவர்கள் செயல் அறிய அரியது, விட்டால் அரசன் நம்மை வருத்துவான், செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள் என்று முடிக்கிறான். பேச்சு முடிவதற்குள், படிப்பறிவில்லாத, குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கோவலன் இந்தக் காட்சி முழுவதிலும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனிடம் யாரும் எதையும் கேட்கவும் இல்லை.

ஆக அந்தக் கூட்டத்தில் மூன்று வகையினர் இருந்தார்கள்: தவறு என்று உணர்ந்தவர், மேலிடத்துக்குப் பயந்தவர், போதையில் இருந்தவர். உணர்ந்தவர்கள் ஒரே ஒரு காரியம் செய்திருக்கலாம். இவனைக் கட்டி அரசன் முன் நிறுத்துவோம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாள் வீசியவனைவிட இவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம் அதிகம்.

பழங்காநத்தம் பக்கம் கோவலன் பொட்டல் என்ற இடம் இன்றும் இருக்கிறது. கோவலன் வெட்டுண்ட இடம் அதுதான் என்பது ஊர் வழக்கு. தொல்லியல் துறை தோண்டியபோது அங்கே முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. காப்பியக் கொலைக்கும் தாழிகளுக்கும் தொடர்பு கற்பிக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தச் சாவை ஊர் தன் நிலத்தின் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது.

இனி கோவலன் பங்கு. குடும்பச் சொத்தைத் தொலைத்தான், கண்ணகியைத் தனியே விட்டான், பெற்றோர் சொல்லைக் கேட்கவில்லை. இதையெல்லாம் அவனே கண்ணகியிடம் ஒப்புக்கொள்கிறான். அவளும் மழுப்பாமல், போற்றத்தகாத ஒழுக்கம் நடந்தீர்கள் என்று சொல்லிவிடுகிறாள். ஆனால் இவை அவனை மதுரைக்குக் கொண்டுவந்த காரணங்கள். வாளுக்கு முன் கொண்டுவந்த அவனுடைய தவறு வேறு, அதைப் பேச்சாளர்கள் எடுப்பதே இல்லை.

ஊர்காண் காதையில், நகரத்து வணிகர்களுக்கு என் நிலையைச் சொல்லி வருகிறேன் என்று வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகளிடம் கூறிவிட்டுத்தான் அவன் மதுரைக்குள் போகிறான். மணிகள் விற்கும் வீதியைப் பார்க்கிறான். சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்று நான்கு வகைப் பொன்னுக்கும் கொடி கட்டி விற்கும் வீதியையும் பார்க்கிறான். வணிகர் எவரையும் சந்தித்ததாகக் காதையில் இல்லை. திரும்பி வந்த பிறகு மாடலன் என்ற மறையவனும் கவுந்தியும் அவனுக்குத் தெளிவாகச் சொல்கிறார்கள்: துறவிகள் தங்கும் இந்தப் புறஞ்சேரி உனக்கு ஏற்ற இடமில்லை, உன் குலத்து வணிகர்கள் உன்னைப் பற்றிக் கேட்டால் ஏற்றுக்கொள்வார்கள், பொழுது சாய்வதற்குள் மனைவியோடு நகருக்குள் போய்விடு என்று. அந்த நேரத்தில் மாதரி வருகிறாள், அடைக்கலம் ஆயர்பாடிக்கு மாறுகிறது. இவன் புகார் நகரத்து வணிகன் மாசாத்துவானின் மகன் என்று சொல்ல மதுரையில் ஒரு வணிகர் துணைக்கு இருந்திருந்தால் கொல்லன் துணிந்திருக்க மாட்டான். வெளியூர்க்காரன், அறிமுகம் இல்லாதவன் என்பதைக் கண்டுதானே அவனைத் தேர்ந்தெடுத்தான். ஆள் பிணை இல்லாமல் அந்நிய ஊரில் விலையுயர்ந்த நகையைத் தெருவில் விரித்துக் காட்டியது வணிகர் மகன் செய்யக்கூடாத காரியம். தவறு என்றால் இது தவறு. ஆனால் தவறு வேறு, குற்றம் வேறு. ஏமாந்தவனைக் கொலைக்குப் பங்காளி ஆக்க முடியாது.

மாதவியைப் பற்றி நீட்ட வேண்டியதே இல்லை. புறஞ்சேரியில் அவள் கடிதத்தைப் படித்த கோவலன், அவள் மேல் தீதில்லை, இது ‘என் தீது’ என்று உணர்கிறான். சம்பந்தப்பட்டவனே விடுவித்த பிறகும் மேடைகளில் அவளை ஏற்றி இறக்குவது அநியாயம்.

ஊழ்? முன்னுரையான பதிகமே காப்பியத்தின் நோக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறது, ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்த ஊழின் உள்ளடக்கம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். முற்பிறப்பில் கோவலன், சிங்கபுரத்து அரசனிடம் வேலை பார்த்த பரதன். அந்த ஊர்க் கடைவீதியில் அணிகலன் விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை, இவன் பகைவனின் ஒற்றன் என்று பொய் சொல்லி அரசனிடம் காட்டிக் கொல்ல வைத்தான். சங்கமனின் மனைவி நீலி முறையிட்டு அலைந்து, 14 நாள் கழித்து மலையேறி விழுந்து, எங்களுக்குத் துன்பம் செய்தவன் இதையே அடைவான் என்று சபித்தாள். வெளியூர் வணிகன், கையில் நகை, ஒருவன் சொன்ன பொய், விசாரிக்காத அரசன். அதே வழக்கு! ஊழைக் காரணம் காட்டி அரசனை விடுவிக்க நினைப்பவர்கள், ஊழே சொல்வது விசாரணையில்லாக் கொலையின் கதையைத்தான் என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒருவர் சாவோடு இது நிற்கவில்லை. அரசன் சிங்காதனத்திலேயே உயிர் விட்டான், ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று தன் மேலேயே தீர்ப்பு எழுதிக்கொண்டு. அரசி அவனைத் தொடர்ந்தாள். பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுத் தீயோர் பக்கமே சேர் என்று கண்ணகி நெருப்புக்கு ஆணையிட்டாலும் நகரம் எரிந்தது. அந்த நெருப்புக்கு அவளே பொறுப்பு, அவளும் மறுக்கவில்லை. அடைக்கலம் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் விழுந்தாள். கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்டார். புகார் நகரில் இருவரின் தாய்மாரும் இறந்தார்கள். செய்தியைக் கொண்டுபோய்ச் சொன்னவன் மாடலன். என் வாயால் கேட்டவர்கள் இறந்துபோனார்கள், அதனால் கங்கையில் நீராடப் போனேன் என்று சேரன் செங்குட்டுவனிடம் சொல்கிறான். உண்மையைச் சொன்னவன், பொய் சொல்லாதவன், தன் சொல்லின் விளைவுக்குத் தானே பொறுப்பேற்கிறான். என் கணக்கில் பொறுப்பு என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் இந்தக் கதையில் இரண்டு பேர்: சாகும்போது பாண்டியன், கங்கைக்குப் போன மாடலன்.

புரிந்துகொள்ளாதவன் அடுத்து வந்த பாண்டியன். கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன், பத்தினித் தெய்வத்துக்கு ஒரே பகலில் 1000 பொற்கொல்லர்களை உயிர்ப்பலி கொடுத்தான். நாட்டில் மழை பொய்த்து, வறுமையும் வெப்பு நோயும் பரவியதற்கு அது சாந்தி என்று காப்பியத்தின் முன்னால் வரும் உரைபெறு கட்டுரை சொல்கிறது. பொய் சொன்ன அந்த ஒரு கொல்லன் தண்டிக்கப்படும் காட்சியைக் காப்பியம் காட்டவில்லை. அவன் செய்த தொழிலைச் செய்தார்கள் என்பதைத் தவிர அந்த 1000 பேர் மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. இறந்துபோன அரசன் பிழை என்னுடையது என்றான், வந்த அரசன் அதைக் கொல்லர் தலையில் இறக்கிவைத்தான். கோவலனுக்காவது முகத்தைப் பார்த்துத் தயங்கிய காவலர்கள் சிலர் இருந்தார்கள். கொற்கையில் அப்படித் தயங்கிய ஒருவரைப் பற்றியும் ஒரு வரி இல்லை. அடுத்த முறை இந்தத் தலைப்பில் பேசப் போகிறவர்கள் இந்தப் பலியைச் சொல்லும் நீர்ப்படைக் காதையையும் எடுத்துப் படியுங்கள். அந்த 1000 பேர் சாவுக்கு யார் பொறுப்பு என்று ஓர் அணி கேட்கட்டும்.